எழுந்து நின்று மிதிக்க முடியாத வண்டி

பீதருக்குப் போய் வந்த படங்களைப் பகிர்ந்த நாள் முதல் உள்பெட்டியில் கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. அது என்ன வண்டி, எங்கே வாங்கினீர்கள், முதுகு வலிக்காதா, லாரி ஓட்டுநர்களின் கண்ணுக்குத் தெரிவீர்களா, ஆய்வேட்டை எப்போது முடிக்கப்போகிறீர்கள். கடைசிக் கேள்வி நெறியாளருடையது அல்ல, என் அம்மாவுடையது. அதற்கு இங்கே விடை இல்லை. மற்றவற்றுக்குத் தனித்தனியே பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. நான் பொறியாளர் இல்லை. பந்தய வீரரும் இல்லை. இரண்டு ஆண்டுகளாக ஒரே ஒரு வண்டியைத் தக்காணத்துச் சாலைகளில் ஓட்டியதில் கற்றவற்றை மட்டும் சொல்கிறேன்.

இந்த வகை வண்டியை ரிகம்பென்ட் என்பார்கள். பின்னால் சாய்தல் என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர். நம்மிடம் சாய்வு நாற்காலி என்ற சொல் முன்பே இருப்பதால் நான் இதைச் சாய்வு மிதிவண்டி என்கிறேன். திண்ணையில் சாய்வு நாற்காலியில் கிடக்கும் தாத்தா கால்களை முன்னால் நீட்டி மிதித்தால் எப்படியிருக்குமோ அதுதான் இதன் இருப்பு நிலை. என்னுடையது கடையில் வாங்கியதன்று. ஹைதராபாத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் இரண்டு பழைய மிதிவண்டிகளை வெட்டி ஒட்டிச் செய்தது. முன்சக்கரம் 20 அங்குலம், பின்சக்கரம் 26 அங்குலம். முன்சக்கரம் பெடல்களுக்கும் முன்னால் இருப்பதால் வண்டி நீளமானது. இருக்கை, இரும்புச் சட்டத்தில் கட்டில் நாடாவைப் பின்னியது. கடினமான பலகை இருக்கையைவிட முதுகுக்குக் காற்று கிடைக்கும், நைந்துபோனால் எந்த ஊரிலும் மாற்றிக்கொள்ளலாம்.

ஏன் இந்த வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் ஆய்வு தக்கணி மொழியைப் பற்றியது. சாலையோரக் கடைகளிலும் சந்தைகளிலும் பதிவுசெய்த பேச்சை ஒலிவாரியாக எழுத்தில் பெயர்ப்பது அன்றாட வேலை. அதற்கு இரண்டு கைகளும் வேண்டும். கள ஊர்களுக்கு மிதிவண்டியில் போவது, செலவு குறைவு என்பதோடு, வழியிலேயே பேச்சுக் கிடைக்கும் என்பதாலும்தான். ஆனால் இரண்டாம் ஆண்டில் வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகத் தொடங்கின. மணிக்கட்டைக் கடந்து அவ்விரல்களுக்குச் செல்லும் அல்நார் நரம்பு, ஹேண்டில்பாரில் உள்ளங்கை ஊன்றும் இடத்தில் அழுந்துவதால் வருவது இது. நெடுந்தொலைவு ஓட்டுவோரிடம் காணப்படும் தொல்லை. சில மாதங்களில் கீபோர்டில் எழுத்துகள் தவறி விழுந்தன. உள்ளங்கையில் எடை விழக் கூடாது என்றார் மருத்துவர். எழுதும் கையா, ஊர்களுக்குப் போகும் வண்டியா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் இந்த மூன்றாவது வழி கண்ணில் பட்டது. சாய்வு வண்டியில் உடலின் எடை முழுவதும் முதுகிலும் இடுப்பிலும் பரவியிருக்கும். கைகள் திருப்புவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் மட்டுமே.

இனி நடைமுறை. எல்லா அறிவுரையும் ஒரே உண்மையிலிருந்து பிறக்கிறது: இந்த வண்டியில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. சாதாரண மிதிவண்டியில் மேடு வந்தால் எழுந்து நின்று உடலின் எடையைப் பெடலில் இறக்குகிறோம். பள்ளம் வந்தால் இருக்கையிலிருந்து சற்றே எழுந்து அதிர்ச்சியைக் காலில் வாங்குகிறோம். தடுமாறினால் உடலைச் சாய்த்துச் சமன்செய்கிறோம். இந்த மூன்றும் இங்கே இல்லை. அவற்றுக்கு மாற்றாகக் கியர், வேக அடக்கம், முன்கூட்டிய பார்வை ஆகிய மூன்றையும் பழக வேண்டும்.

முதலில் அளவு. இருக்கையில் முதுகை நன்றாகப் பதித்து அமர்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் கிட்டத்தட்ட முழுமையாக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் இலேசான மடிப்பு தானாக அமையும். இருக்கை நெருங்கியிருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். விலகியிருந்தால் பின்பக்கத் தசைநார் இழுபடும். நீண்ட பயணத்திற்குப் புறப்படும் முன் இந்த ஓர் அளவைச் சரிபார்க்க ஒரு வாரம் செலவிடுங்கள்.

அடுத்து முழங்கால். நிற்க முடியாதே தவிர, முதுகை இருக்கையில் அண்டக் கொடுத்து உதைக்க முடியும். சுவரில் சாய்ந்து பீரோவைக் காலால் தள்ளுவதைப் போன்ற விசை அது. மேட்டில் கை கொடுக்கும், ஆனால் அதன் கூலியை முழங்கால்தான் தரும். எனவே மேடு தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, நிமிடத்திற்கு 80 சுற்றை ஒட்டி இலகுவாக மிதித்துக்கொண்டே ஏற வேண்டும். சாதாரண வண்டியில் நன்கு பழகியவர்களுக்கும் இதில் வேறு தசைகள் வேலை செய்வதால் முதல் மாதம் சோர்வாக இருக்கும். அதை வண்டியின் குறையாகக் கொள்ள வேண்டாம்.

ஓட்டக் கற்பதற்கு ஆளில்லாத, இலேசாகச் சரிந்த தார்த்தளம் ஒன்று போதும். முதலில் பெடலைத் தொடாமல் இரு கால்களையும் தரையின் மேல் தொங்கவிட்டு உருண்டு பழகுங்கள். பிறகு தாழ்ந்த கியரில், ஒரு பெடலை மேலே கொண்டுவந்து, பிரேக்கை விட்டு ஓர் அழுத்தமான மிதி. அந்த ஒரு மிதியில் வண்டி பெறும் வேகத்தில் மற்றக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். தோள்களை இருக்கையிலிருந்து எடுத்தால் கைகள் இறுகும். கைகள் இறுகினால் வண்டி பாம்பைப் போல் வளையும். சாய்ந்தபடியே, தொலைவைப் பார்த்தபடி, ஹேண்டிலைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்தால் போதும். பெரும்பாலானோருக்கு ஒரு மணி நேரத்தில் நேராக ஓட்ட வந்துவிடும். குறுகிய சாலையில் திரும்புவதற்கு மட்டும் இறங்கித் தள்ளுங்கள். நீள வண்டிக்கு வட்டம் பெரிது.

சாலையில் மூன்று செய்திகள் முக்கியம். ஒன்று, பின்பார்வைக் கண்ணாடி. சாய்ந்த நிலையில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க இயலாது. நம் நாட்டில் முந்துவோர் வலப்புறம் வருவதால் வலக் கண்ணாடி கட்டாயம். இரண்டும் இருப்பது மேல். இரண்டு, கொடி. என் கண்மட்டம் ஏறக்குறைய ஒரு கார் ஓட்டுநரின் கண்மட்டம்தான். என்றாலும் லாரியின் உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு நான் சாலையோடு சாலை. ஆளுயரத்திற்கு மெல்லிய கம்பு, அதன் நுனியில் ஆரஞ்சு நிறத் துணி, பகலிலும் எரியும் சிவப்புப் பின்விளக்கு ஆகியவற்றைச் செலவாக எண்ண வேண்டாம். மூன்று, சந்திப்புகள். இந்த வண்டியில் கண்ணுக்கு முன்னால் கால்கள், கால்களுக்கு முன்னால் சக்கரம். சுவரோ புதரோ மறைக்கும் முனையில், நீங்கள் சாலையைப் பார்ப்பதற்குள் உங்கள் முன்சக்கரம் சாலைக்குள் போயிருக்கும். அங்கே நின்று, எட்டிப் பார்த்து, பிறகு போங்கள். நெரிசலான நகரச் சாலைக்கு இது ஏற்ற வண்டி இல்லை. ஊருக்குள் நான் காலை ஆறு மணிக்கு முன்னரே கடந்துவிடுவேன்.

வேகத்தடைகளில் நடை வேகத்திற்குக் குறைத்து நேர்கோட்டில் ஏறி இறங்குங்கள். இல்லையேல் அதிர்ச்சி நேராக முதுகெலும்புக்கு. கிராமங்களில் வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடைகள் பள்ளிக்கும் கோயிலுக்கும் முன்னால் இருக்கும் என்று எதிர்பார்த்தே செல்ல வேண்டும். டயர் அகலமாகவும் காற்று சற்றுக் குறைவாகவும் இருக்கட்டும். மூட்டைகளை இருக்கைக்குக் கீழே, இரு சக்கரங்களுக்கும் நடுவில், தாழ்வாகக் கட்டுங்கள். என்னுடையதைப் போன்ற நீள வண்டியில் எடை பின்சக்கரத்தில்தான் குவியும். முன்சக்கரம் இலேசாக இருப்பதால் மணலிலும் சரளையிலும் வழுக்கும். எல்லாவற்றையும் பின் கேரியரில் ஏற்றினால் இது மேலும் மோசமாகும்.

இத்தனை கட்டுப்பாடுகளுக்கு ஈடாக இந்த வண்டி தருவது என்ன என்பதை ஹைதராபாத்–பீதர் சாலையில்தான் முழுமையாக உணர்ந்தேன். 15ஆம் நூற்றாண்டில் பாமினி அரசின் தலைநகராக இருந்த பீதர், என் ஆய்வுக்குத் தவிர்க்க முடியாத ஊர். சங்காரெட்டி, சதாசிவபேட்டை, ஜஹீராபாத் வரை தேசிய நெடுஞ்சாலை 65. அங்கிருந்து வடக்கே திரும்பி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மொத்தம் ஏறக்குறைய 140 கிலோமீட்டரை இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டேன். ஆகஸ்ட் மாதம் என்பதால் மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்று வழியெல்லாம் எதிர்க்காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்பெருக்கமாக ஏறுவது. சாதாரண வண்டியில் நிமிர்ந்த மார்பு ஒரு பாய்மரம். சாய்ந்து கிடப்பவரின் முன்பரப்பு சிறிது. என்னோடு வந்த நண்பர் தலையைக் குனிந்து போராடியபோது நான் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே போனேன். அதே நண்பர் ஒவ்வொரு மேட்டிலும் என்னைக் கடந்துபோய் உச்சியில் காத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் காற்றின் பங்கு சிறிது, எடையின் பங்கு பெரிது. என் வண்டியோ கனமானது. தாழ்ந்த கியரிலும் தள்ளாடும் அளவுக்கு வேகம் குறைந்தால் இறங்கித் தள்ளுவதில் இழிவு ஏதுமில்லை.

வெயிலும் மழையும் இதில் முகத்தில் விழும். தொப்பியின் முன்மடிப்பு நீளமாக இருக்க வேண்டும். கழுத்தின் முன்பக்கம், தொடை, கணுக்கால் ஆகிய, சாதாரணமாக வெயில் படாத இடங்கள் கன்றிப்போகும். தண்ணீர்ப் பையை இருக்கையின் பின்னால் தொங்கவிட்டு, குழாயைத் தோளருகே கொண்டுவந்துவிட்டால் கை எடுக்காமல் குடிக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் பத்து மணிக்கு மேல் ஓட்ட வேண்டாம். கால்கள் உயர்ந்திருப்பதால் விரல்கள் மரத்துப்போவதும் உண்டு. செருப்பின் வாரைத் தளர்த்திப் பாதத்தின் நடுப்பகுதியால் மிதித்தால் குறையும். பாதம் பெடலிலிருந்து நழுவாமல் இருக்க ஒரு வார் அவசியம்.

நாய்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். சுழலும் கால்களைத்தான் அவை துரத்துகின்றன. நான் மிதிப்பதை நிறுத்தி, வண்டியை நிறுத்தி, உரத்த குரலில் பேசுவேன். பெரும்பாலானவை அத்தோடு ஆர்வமிழந்துவிடும். கடித்துவிட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பயணத் திட்டம் காத்திருக்கலாம், வெறிநோய் காத்திருக்காது.

உதிரிப் பாகங்களில் பெரும்பாலானவை எந்தப் பஞ்சர் கடையிலும் கிடைக்கும். 20 அங்குலம் சிறுவர் சைக்கிளின் அளவு. எனினும் விளிம்பின் விட்டம் வேறுபடும் வகைகள் உண்டு என்பதால் பொருந்தும் டியூப் இரண்டும் டயர் ஒன்றும் கையில் வைத்திருப்பேன். கிடைக்காதவை இரண்டு. என் வண்டியின் செயின், இரண்டரைச் சாதாரணச் செயின்களை இணைத்தது. ஆகவே செயினை வெட்டி இணைக்கும் கருவியும் சில கண்ணிகளும் வேண்டும். பின் கியருக்கும் பின் பிரேக்குக்கும் போகும் ஒயர்கள் கடையில் கிடைக்கும் நீளத்தில் எட்டாது. நீண்ட ஒயர்கள் இரண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் கொண்டுபோவதானால் இருக்கையையும் பெடல்களையும் கழற்றிக் கட்டிப் பார்சலில் பதிய வேண்டும். ஏற்றும்போது அருகிலேயே நில்லுங்கள். பேருந்தின் கூரையை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். அவசரத்திற்குக் குட்டி யானைதான் துணை.

மொழியியல் படித்தவருக்கு இந்த வண்டி தரும் கூடுதல் வருவாய் ஒன்று உண்டு. நிற்கும் இடமெல்லாம் மக்கள் கூடி, தாமாகவே அதற்குப் பெயர் வைக்கிறார்கள். தெலுங்கில் ‘படுகொனி தொக்கே சைக்கில்’. பீதரின் கன்னடத்தில் ‘மலகிகொண்டு துளியோ சைக்கல்’. தக்கணியில் ‘லேட்கே சலானே கீ சைக்கில்’. விடுதியில் நம் தமிழ் மாணவர் சொன்னது ‘படுத்துக்கிட்டு ஓட்டுற சைக்கிள்’. இரு மொழிக்குடும்பங்கள், ஒரே கட்டமைப்பு: முதலில் வினையெச்சம், அடுத்துப் பெயரைத் தழுவும் வினை, இறுதியில் பெயர். எமனோ 1956இல் எழுதிய ‘இந்தியா ஒரு மொழிப்பரப்பு’ கட்டுரையை நடத்தும் ஆசிரியர்கள் இந்த எடுத்துக்காட்டைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் கவனித்தேன். அடைமொழி எவ்வளவு நீண்டாலும் தொடர் ‘சைக்கிள்’ என்ற சொல்லில்தான் முடிகிறது. எவருக்கும் அதில் ஐயமில்லை.

ஐயம் வருவது விதிகள் எழுதப்படும் இடத்தில்தான். 1933 ஜூலையில் பாரிசில் பிரான்சிஸ் ஃபோர் என்னும் வீரர், சார்ல் மோஷே வடிவமைத்த சாய்வு மிதிவண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். ஆஸ்கர் எக் 1914இல் நிறுவி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிலைத்திருந்த சாதனை அதனால் முறிந்தது. ஃபோர் அதுவரை முன்னணி வீரராகக் கருதப்பட்டவர் இல்லை. வென்றது ஆளா, வண்டியா என்ற வழக்கு உலக மிதிவண்டி ஒன்றியத்திற்குப் போயிற்று. 1934இல் ஒன்றியம் பந்தய மிதிவண்டிக்குப் புதிய வரையறை வகுத்தது. இருக்கைக்கும் பெடல் அச்சுக்கும் இடையே இருக்க வேண்டிய தொலைவை நிர்ணயித்த அந்த வரையறைக்குள் சாய்வு வண்டி அடங்கவில்லை. பந்தயங்களிலிருந்து அது வெளியேறியது. பெரிய நிறுவனங்களின் அக்கறையும் மெல்ல விலகியது. நான் பட்டறையில் வெட்டி ஒட்ட வேண்டியிருந்ததன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, ஹைதராபாத்தில் ஒரு வளாகத்தின் வாயிற்காவலர், ‘சைக்கிளுக்குத்தான் அனுமதி, இது சைக்கிள் இல்லை’ என்று என்னை நிறுத்தியபோது, அவரும் அந்த ஒன்றியத்தின் மரபில் வந்தவர் என்றே எனக்குத் தோன்றியது.

ஜஹீராபாத்தில் ஒரு தேநீர்க் கடையில் இதற்கு நேரெதிரான ஒருவரைச் சந்தித்தேன். அறுபதைக் கடந்தவர், இளம்பிள்ளைவாதத்தால் இரு கால்களும் சூம்பியவர், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் வந்திருந்தார். கூட்டம் என் வண்டியைச் சுற்றி நிற்க, அவர் நேராகச் செயினைப் பார்த்தார், பிறகு கியரைப் பார்த்தார். “காலில் ஏதும் குறையா, பேட்டா?” என்றார். “கால் சரிதான் சாச்சா, கைதான்” என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். “எனக்குக் கை சரி. வண்டியை மாற்றிக்கொள்வோமா?”

அவர் வண்டியில் கியர் இல்லை. சந்தைக்குப் போகும் வழியில் உள்ள ஒரே மேட்டில் தினமும் யாராவது தள்ளிவிட வேண்டியிருக்கிறது என்றார். இருக்கையோடு முதுகு சாய்ந்து, செயினால் ஓடி, தாழ்ந்த உயரத்தில் சாலையைக் காணும் வண்டி இந்நாட்டுக்குப் புதிதே இல்லை; அதை நாம் ‘ஊனமுற்றோர் வண்டி’ என்று வேறொரு பெட்டியில் போட்டுவைத்திருக்கிறோம், அவ்வளவுதான். முப்பது ஆண்டுகளாக அந்த உயரத்தில் சாலையைப் பார்த்தவர் எனக்குச் சொன்ன அறிவுரை எந்த வழிகாட்டியிலும் நான் படிக்காதது: “கடக்கும் முன் ஓட்டுநரின் கண்ணைப் பார். அவன் உன்னைப் பார்த்தான் என்று நீ பார்த்த பிறகு போ. அவன் கண் தெரியவில்லை என்றால், நீ அங்கே இல்லை என்று வைத்துக்கொள்.” அன்று முதல் அதையே கடைப்பிடிக்கிறேன். அவர் வண்டியில் சாதாரணக் கியர் ஒன்றைப் பொருத்த முடியுமா என்று என் பட்டறைக்காரரிடம் கேட்டிருக்கிறேன். சக்கரத்தின் அச்சை அளந்து வரச் சொல்லியிருக்கிறார். அடுத்த களப்பணிக்குப் போகும்போது அளவுநாடாவும் பையில் இருக்கும்.

கை எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு: மோதிரவிரலில் உணர்வு முழுமையாகத் திரும்பிவிட்டது, சுண்டுவிரல் நெடுநேரம் தட்டச்சு செய்த நாளில் இன்னும் இலேசாக மரக்கிறது. மணிக்கட்டோ முதுகோ வலிக்கிறது என்பதற்காக மிதிவண்டியை மாடிப்படியின் கீழ் நிறுத்திவைத்திருக்கும் ஆய்வாளர்கள் இங்கே நிறையப் பேர் என்று அறிவேன். முதலில் மருத்துவரைப் பாருங்கள். பிறகு, ஹைதராபாத்தில் இருப்பவராயின், ஏதேனும் ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாருங்கள். தலைக்கவசமும் பின்வார் உள்ள செருப்பும் போதும். சரிவான தார்த்தளம் ஒன்று எனக்குத் தெரியும். இருக்கையை உங்கள் கால் நீளத்திற்கு மாற்றப் பத்து நிமிடம் ஆகும், அதுவரை தேநீர் என் செலவு.